கரைந்த இரும்பு திரும்பாது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. விடியற்காலையில் வெட்டிய பாலை வாளியில் சுமந்துகொண்டு பால் கொட்டகைக்கு வருவார்கள். அங்கே அதை வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். மரப்பட்டைத் துணுக்கு, சருகு, மணல் எதுவும் உள்ளே போய்விடக் கூடாது. மங்கில் உறைந்துபோன கட்டிப்பாலும் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலும் தனிச் சாக்கில் சேரும். அவற்றுக்கு விலை குறைவு. எல்லாம் ஒரே மரத்துப் பால்தான். ஆனால் அழுக்கு கலந்தது, கலக்காதது என்று பார்த்துத்தான் கிராணி கணக்கு எழுதினார்.

இந்தக் கணக்கை 1965ஆம் ஆண்டில் மலேசியா ஓர் உலகத் தரமாகவே மாற்றியது. எஸ்.எம்.ஆர். எனப்படும் மலேசிய ரப்பர் தர முறை அப்போதுதான் வந்தது. எஸ்.எம்.ஆர். 5, எஸ்.எம்.ஆர். 20 என்ற பெயர்களில் உள்ள எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? ரப்பரில் இருக்கக்கூடிய அழுக்கின் உச்ச அளவிலிருந்து வந்தது. 5 என்றால் 0.05 விழுக்காடு, 20 என்றால் 0.20 விழுக்காடு என்று வகுத்தார்கள். ஆயிரம் கிலோ ரப்பரில் 2 கிலோ அழுக்குக்கு மேல் போனால் தரம் இறங்கிவிடும் என்பது அன்றைய கணக்கு.

இன்றைய தலைப்பு ரப்பர் அல்ல, அலுமினியம். இருந்தாலும் இந்த 0.20 விழுக்காட்டை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். லண்டன் உலோகச் சந்தையில் கைமாறும் சுத்த அலுமினியத்தில் இரும்பு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் அதே 0.20 விழுக்காடுதான் எல்லை. பாலில் சருகு எப்படியோ, அலுமினியத்தில் இரும்பு அப்படி.

தோட்டத்திலிருந்து கொட்டகைக்கு

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை எனப் பல இடங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகள் லாரி ஓட்டினார்கள், தொழிற்சாலைக்குப் போனார்கள், சிலர் பழைய இரும்புத் தொழிலில் இறங்கினார்கள். அந்தத் தொழிலில் இந்தியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மிம்தா என்று அவர்களுக்கெனத் தனிச் சங்கமே இயங்குகிறது.

பெயர்தான் பழைய இரும்பு. வருமானத்தைத் தருவதில் அலுமினியத்துக்கும் பெரிய பங்கு உண்டு. வீட்டு ஜன்னல் சட்டம், பான டின், பழைய சட்டி, காரின் ஸ்போர்ட் ரிம், கப்சாய் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் என்று எல்லாமே கொட்டகைக்கு வந்து சேருகின்றன. அங்கிருந்து உருக்காலைக்குப் போகின்றன.

அலுமினியத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? பாக்சைட் மண்ணிலிருந்து கிடைக்கும் அலுமினாவை மின்சாரத்தால் பிரித்துத்தான் புது அலுமினியம் எடுக்கிறார்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் அந்த வேலையைச் செய்யும் பிரஸ் மெட்டல் நிறுவனத்தின் உலைகள் சரவாக்கில், நீர்மின்சாரம் கிடைக்கும் இடத்தில் இருப்பதற்கு அதுவே காரணம். பழைய அலுமினியத்தை உருக்கினாலோ அந்தச் சக்தியில் ஏறக்குறைய 5 விழுக்காடு போதும். மீதம் 95 விழுக்காடு மிச்சம்.

அப்படியானால் பழைய அலுமினியத்தைப் புதியதைப் போலவே விற்கலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் இரும்பு குறுக்கே வந்து நிற்கிறது.

உருகாமலே கரையும்

கொட்டகைகளில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கருத்து உண்டு. "அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். ஆகவே ஓரிரு போல்ட் உள்ளே போனாலும் உருகாமல் அடியில் கிடக்கும், அள்ளி எறிந்து விடலாம்" என்பார்கள்.

பாதிதான் உண்மை. தேத்தண்ணியில் போடும் சீனியை நினைத்துப் பாருங்கள். சீனி தானாக உருக வேண்டுமானால் கொதிநீரைவிட அதிகச் சூடு தேவை. ஆனாலும் ஒரு கிளாஸ் தேத்தண்ணியில் அது காணாமல் போய்விடுகிறதே! உருகுவது வேறு, கரைவது வேறு. உருகிய அலுமினியத்தில் இரும்பு சீனியைப் போலக் கரைகிறது. போல்ட்டை உடனே வெளியே எடுத்தால் பெரும்பகுதி தப்பலாம். நேரம் ஆக ஆக, சூடு ஏற ஏற அது கரைந்துகொண்டே இருக்கும். கடைசியில் அள்ளி எறிய அங்கே போல்ட் இருக்காது.

இதனால்தான் சில உருக்காலைகளில் சரிவான தளம் கொண்ட உலையை வைத்திருக்கிறார்கள். அதில் பொருளைச் சூடாக்கியதும் அலுமினியம் உருகி வழிந்து கீழே போய்விடும். இரும்புத் துண்டு தளத்தின் மேலேயே தங்கிவிடும். அதை இழுத்து வெளியே போடுவார்கள். இரண்டும் சேர்ந்து ஊறுவதற்கு இடம் கொடுக்காததே அந்த உலையின் பயன்.

ரப்பர் ஷீட்டில் சருகு

சரி, கரைந்தால்தான் என்ன? இரும்பு பலமான பொருளாயிற்றே, சேர்ந்தால் அலுமினியமும் பலமாகத்தானே இருக்கும் என்று நினைக்கலாம். நடப்பது நேர் எதிர்.

உருகிய நிலையில் அலுமினியம் நிறைய இரும்பைத் தன்னுள் வைத்துக் கொள்ளும். இறுகிய பின் அது 0.05 விழுக்காட்டைக்கூட வைத்துக் கொள்ளாது. ஆறும்போது இரும்பு வெளியே தள்ளப்படுகிறது. தனியாக வருவதில்லை. அலுமினியத்தையும் சிலிக்கனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மெல்லிய, கடினமான தகடுகளாக உறைகிறது. உலோகத்தை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அவை ஊசி ஊசியாகத் தெரியும்.

ரப்பர் ஷீட்டில் ஒரு சருகு மாட்டிக் கொண்டால் என்ன ஆகும்? இழுத்தால் அந்த இடத்தில்தான் கிழியும். அலுமினியத்தில் இந்தத் தகடுகள் செய்யும் வேலையும் அதுதான். இழுவிசை வந்தவுடன் விரிசல் அங்கே தொடங்குகிறது. அது மட்டுமல்ல. வார்க்கும்போது உருகிய உலோகம் அச்சின் எல்லா மூலைக்கும் ஓட வேண்டும். இந்தத் தகடுகள் மதகில் அடைத்த குப்பையைப் போல வழியை மறிக்கின்றன. உலோகம் போய்ச் சேராத இடத்தில் துளைகள் விழுகின்றன. வெளியே பார்க்கப் பளபளப்பாக இருக்கும் ஒரு ரிம், பள்ளத்தில் இறங்கியவுடன் விரிவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

எவ்வளவு இருக்கலாம்?

ஆகவே இரும்பே கூடாது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. எந்தப் பொருளுக்கு என்பதைப் பொறுத்தது.

கார் ரிம் வார்ப்பதற்குப் பயன்படும் ஏ356 எனும் கலவையில் இரும்பு 0.20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஜன்னல் சட்டத்துக்கான 6063இல் 0.35 வரை இருக்கலாம். பான டின்னின் உடல் செய்யும் 3104இல் 0.8 வரை போகலாம். எஞ்சின் உறுப்புகளுக்கு உலகம் முழுவதும் பயன்படும் ஏடிசி12 எனும் ஜப்பானியக் கலவையிலோ 1.3 விழுக்காடு வரை அனுமதி உண்டு.

ஏடிசி12க்கு மட்டும் ஏன் இத்தனை தாராளம்? அது உருக்கு அச்சில் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கப்படும் உலோகம். அதில் இரும்பு மிகக் குறைவாக இருந்தால், சூடான அலுமினியம் அச்சிலிருந்தே இரும்பைக் கரைத்து எடுக்கப் பார்க்கும். வார்ப்படம் அச்சோடு ஒட்டிக் கொள்ளும், அச்சு கெடும். முன்கூட்டியே 0.8 முதல் 1 விழுக்காடு வரை இரும்பு இருந்தால் ஒட்டாது. ஆக, ஒரு கலவைக்கு நஞ்சாக இருப்பது இன்னொன்றுக்குத் தேவையாகவும் இருக்கிறது. அழுக்கு என்பதைவிட, இடம் மாறிய பொருள் என்று சொல்வதே பொருத்தம்.

எந்த அளவில் இரும்பு ஆபத்தாகிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜான் டெய்லர் ஓர் எளிய கணக்கைக் கொடுத்தார். கலவையிலுள்ள சிலிக்கன் விழுக்காட்டை 0.075ஆல் பெருக்கி, அதிலிருந்து 0.05ஐக் கழிக்க வேண்டும். 7 விழுக்காடு சிலிக்கன் என்றால் விடை 0.475. 10 விழுக்காடு என்றால் 0.70. இரும்பு அந்த அளவைத் தாண்டும்போது தகடுகள் பெரிதாகவும் முன்கூட்டியும் உருவாகி, வார்ப்படத்தின் தரம் வேகமாகச் சரிகிறது.

40 கிராம் செய்யும் வேலை

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். புக்கிட் பெலிம்பிங்கில் ஓர் இளைஞர் சிறிய லாரி ஒன்றில் ஸ்போர்ட் ரிம்களை வாங்கிச் சேர்க்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரு ரிம் 8 கிலோ. அதன் விளிம்பில் சமன் செய்வதற்காக ஒட்டிய உருக்கு எடைத் துண்டும் ஓரிரு திருகாணிகளும் சேர்ந்து 40 கிராம். அவசரத்தில் அவற்றைக் கழற்றாமல் அனுப்பி விடுகிறார்.

8 கிலோவில் 40 கிராம் என்பது 0.5 விழுக்காடு. ரிம்மில் ஏற்கெனவே 0.15 விழுக்காடு இரும்பு இருந்தது. அந்த 40 கிராமும் கரைந்தால் மொத்தம் 0.65 ஆகிவிடும். இனி அந்த உலோகத்தில் மீண்டும் ரிம் வார்க்க முடியாது.

சரி, புது அலுமினியத்தைக் கலந்து நீர்த்துப்போகச் செய்யலாம். கலக்கும் புது உலோகத்தில் 0.10 விழுக்காடு இரும்பு இருப்பதாக வைத்துக் கொண்டால், ஒரு டன் கெட்ட உலோகத்தை 0.20க்குக் கொண்டுவர எவ்வளவு புது அலுமினியம் தேவை? 4.5 டன்! ஒரு டன்னைக் காப்பாற்ற நான்கரை டன் புதிதாக வாங்க வேண்டும். அதைத் தயாரிக்கச் செலவான மின்சாரம் மட்டும் 60,000 யூனிட்டுக்கு மேல். மறுபயனீட்டால் மிச்சம் பிடித்ததாகச் சொன்ன அந்த 95 விழுக்காடு எங்கே போயிற்று?

உருக்காலைக்காரர் இந்தச் செலவைச் செய்ய மாட்டார். அதைக் கலப்பு உலோகம் என்ற விலையில் வாங்கி, ஏடிசி12 போன்ற கலவைக்குத் திருப்பி விடுவார். நட்டம் யாருக்கு? லாரியில் கொண்டு வந்தவருக்கு. விலையில் கிலோவுக்கு 50 சென் குறைந்தது என்று வைத்தாலும் 2 டன்னுக்கு 1,000 ரிங்கிட் போய்விட்டது. ஒரு குறடு எடுத்துச் சில மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த ஆயிரம் ரிங்கிட் வீட்டுக்கு வந்திருக்கும். குடம் பாலுக்குத் துளி நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

உலையில் என்ன செய்யலாம்?

விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்துவிட்டது, கரைந்த இரும்பை வெளியே எடுக்க வழியில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

உருக்கு ஆலையில் ஆக்சிஜனை ஊதி, வேண்டாத கரியை எரித்து வெளியேற்றுகிறார்கள். அலுமினியத்தில் அதைச் செய்தால் முதலில் எரிவது அலுமினியமே. இரும்பு அப்படியே தங்கிவிடும். குளோரின் வாயுவும் உப்புத் தூள்களும் மக்னீசியம், சோடியம், கால்சியம் ஆகியவற்றை எடுத்துவிடும். இரும்பை அசைக்காது. மூன்றடுக்கு மின்பகுப்பு என்று ஒரு முறை இருக்கிறது. அதில் மிகத் தூய அலுமினியம் கிடைக்கும். ஆனால் புது அலுமினியம் எடுப்பதற்கு இணையான மின்சாரத்தை அது விழுங்கிவிடும். மின்னணுப் பொருள்களுக்குக் கட்டுப்படியாகலாம், பழைய ரிம்முக்குக் கட்டாது.

எடுக்க முடியாவிட்டாலும் அதன் வடிவத்தை மாற்றலாம். இங்கேதான் மாங்கனீஸ் உதவுகிறது. இரும்பின் அளவில் பாதியளவு மாங்கனீஸ் இருந்தால், இரும்பு ஊசித் தகடாக உறையாமல் கிளைகள் கொண்ட வேறொரு வடிவத்தில் உறையும். நுண்ணோக்கியில் அது சீன எழுத்தைப் போல இருப்பதால் உலோகவியல் நூல்களிலேயே அதற்குச் சீன எழுத்து வடிவம் என்றுதான் பெயர். கூர்மை இல்லாததால் விரிசல் அவ்வளவு எளிதில் தொடங்காது. இரும்பு அதே அளவுதான் இருக்கிறது, அதன் கெடுதல்தான் குறைகிறது.

ஆனால் இந்த மருந்துக்கும் அளவு உண்டு. அச்சு வார்ப்புத் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இரும்பின் அளவோடு, மாங்கனீஸின் இரண்டு மடங்கையும் குரோமியத்தின் மூன்று மடங்கையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஏறக்குறைய 1.8ஐத் தாண்டினால், உருகிய உலோகம் சற்றுக் குளிரும்போது கடினமான துகள்கள் பிரிந்து உலையின் அடியில் சேறாகப் படியும். அந்தத் துகள் வார்ப்படத்தில் போய்விட்டால், பின்னர் கடையும்போது கருவியின் முனையையே உடைத்துவிடும்.

இரும்பு 0.9, மாங்கனீஸ் 0.3, குரோமியம் 0.05 என்றால் கூட்டுத்தொகை 1.65. தப்பித்தோம். அதே உலையில் கொஞ்சம் எவர்சில்வர் கலந்து குரோமியம் 0.15 ஆனால், இரும்பு கூடியதைக் கணக்கில் சேர்க்காமலே 1.95 ஆகிவிடும். சேறு படியும்.

மாங்கனீஸைச் சேர்த்து, வேண்டுமென்றே சூட்டைக் குறைத்து, இந்தச் சேற்றைப் படிய வைத்து வடிகட்டும் முறையும் உண்டு. பால் கொட்டகை வடிகட்டியைப் போன்றதுதான். ஆனால் அந்தச் சேற்றோடு நல்ல அலுமினியமும் கணிசமாகப் போய்விடுகிறது, நேரமும் ஆகிறது. ஆகவே உலையில் இருப்பவை எல்லாம் நோய் முற்றிய பிறகு பார்க்கும் வைத்தியம். வருமுன் காப்பதற்கு உரிய இடம் கொட்டகை.

காந்தம் ஏமாறும் இடங்கள்

கொட்டகையில் முதல் ஆயுதம் காந்தம். எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் காந்தம் கண்டுபிடிக்காத இரும்பும் உண்டு என்பதைத் தெரிந்து வைத்திருப்பவரே கெட்டிக்காரர்.

முதலாவது எவர்சில்வர். சமையல் பாத்திரமும் திருகாணியும் செய்யும் பரவலான வகையில் சுமார் 70 விழுக்காடு இரும்புதான். ஆனாலும் காந்தம் அதில் ஒட்டுவதில்லை. குரோமியத்தையும் நிக்கலையும் வேறு கூடவே கொண்டு வந்துவிடும். கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே அளவுத் துண்டு அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமாக இருக்கும்.

இரண்டாவது, கப்சாய் மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் பிளாக். வெளியே அலுமினியம், உள்ளே வார்ப்பிரும்புக் குழல். சிலிண்டர் தலையில் வால்வு உட்காரும் வளையங்கள் இரும்பு. காந்தத்தை வெளிப்புறம் வைத்துப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டால் ஏமாந்து போவோம். குழலைத் தட்டி வெளியே எடுக்க வேண்டும்.

மூன்றாவது, லாரியின் டீசல் பிஸ்டன். அதன் மேல் பள்ளத்தில் தேய்மானத்தைத் தாங்க ஒரு வளையத்தை வார்க்கும்போதே பதித்திருப்பார்கள். அது நிக்கல் மிகுந்த வார்ப்பிரும்பு, காந்தத்துக்குச் சரியாகப் பிடி கொடுக்காது. அத்தகைய பிஸ்டன்களைத் தனிக் குவியலாக வைப்பதே நல்லது.

நான்காவது மின்கம்பி. உயரத்தில் செல்லும் அலுமினியக் கம்பி பலவற்றின் நடுவில் உருக்குக் கம்பி ஓடுகிறது. பிரித்து எடுத்தால் அந்த அலுமினியம் மிகத் தூய வகை. ஆனால் கம்பி எங்கிருந்து வந்தது என்பதை வாங்குபவர் கட்டாயம் பார்க்க வேண்டும். திருட்டுக் கம்பியை வாங்கினால் விலை போவதோடு மானமும் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூடிய குழாய், எரிவாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர், ஈரமான பொருள் ஆகியவை உருகிய உலோகத்தில் விழுந்தால் வெடிக்கும். இது தரத்தைப் பற்றிய பேச்சு அல்ல, உயிரைப் பற்றியது. தரம் பிரிப்பவரின் கவனக்குறைவு உலை அருகில் நிற்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிரைப் பறித்துவிடலாம்.

சிறு பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பொருள் சுத்தமாக வந்தாலும் உருக்கும் சட்டியும் அள்ளும் கரண்டியும் கிளறும் கம்பியும் இரும்பாக இருந்தால், அவையும் மெல்ல மெல்லக் கரைந்து உள்ளே சேருகின்றன. நாளடைவில் கரண்டியின் முனை மெலிந்து போவதைப் பார்த்திருப்பார்கள். மெலிந்த பகுதி எங்கே போனது? வாடிக்கையாளருக்கு விற்ற உலோகத்தில்தான் போனது. வெப்பம் தாங்கும் பூச்சை ஒவ்வொரு நாளும் தடவிவிட்டு வேலையைத் தொடங்குவதும், உலையின் சூட்டைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் இருப்பதும் பெரிய செலவில்லாத மருந்து.

மாறும் சந்தை

இத்தனை நாளும் கலந்து அனுப்பினோம், வாங்கத்தானே செய்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. கார் எஞ்சினும் கியர்பெட்டியும் உலகிலுள்ள அழுக்கு அலுமினியத்தை எல்லாம் உள்வாங்கிக் கொண்டன. ஜன்னல் சட்டம், டின், ரிம் என எது கலந்து வந்தாலும் கடைசியில் ஓர் எஞ்சின் உறுப்பாக மாறிவிடும்.

மின்சாரக் காரில் எஞ்சின் கிடையாது. அந்தக் காரின் உடற்சட்டத்துக்குப் பெரிய பெரிய அலுமினிய வார்ப்படங்கள் தேவைப்படுகின்றன. ஆனால் மோதினால் உடையாமல் மடங்க வேண்டிய பாகங்கள் அவை. ஜெர்மனியில் உருவான சிலாஃபோன்ட் 36 போன்ற கலவைகளில் இரும்பு 0.15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அச்சில் ஒட்டாமல் இருக்க இரும்புக்குப் பதிலாக மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். எஞ்சின் கார்கள் குறையக் குறைய, அழுக்கு அலுமினியத்தை வாங்கும் வாய் சுருங்கும், சுத்த அலுமினியத்தைத் தேடும் வாய் பெருகும்.

நம் நாட்டு நிலைமையும் மாறிவிட்டது. 2018 முதல் சீனா வெளிநாட்டுக் கழிவு உலோகத்துக்குக் கதவை ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கியதும், பல உருக்காலைகள் மலேசியாவுக்கு வந்தன. இங்கே தரம் பிரித்து, உருக்கி, கட்டியாக்கி அனுப்புகிறார்கள். 2022 முதல் இறக்குமதியாகும் கழிவு உலோகத்துக்குச் சிரிம் நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும் என்ற விதியும் வந்தது. பெரிய ஆலைகள் தரம் பிரிக்கும் இயந்திரங்களோடு வருகின்றன. துப்பாக்கி போன்ற கருவியை உலோகத்தின் மேல் வைத்தால் சில விநாடிகளில் எந்தக் கலவை என்று காட்டிவிடும்.

அனைத்துலக வணிகத்தில் ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் உண்டு. கார் ரிம்முக்கு ட்ரோமா. அதில் உருக்கு, எடைத் துண்டு, வால்வு, டயர் எதுவும் இருக்கக் கூடாது. கலப்பு வார்ப்படத்துக்கு டென்ஸ். அதில் இரும்பு, பித்தளை கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்தப் பெயர்களைத் தெரிந்து, அதற்கேற்பப் பிரித்து வைத்திருப்பவர் விலை பேசுவார். தெரியாதவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார்.

கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்

பழைய இரும்புத் தொழிலைப் பற்றி நம்மிடையே ஒரு தாழ்வான எண்ணம் இருக்கிறது. படிக்காத பையன் செய்யும் வேலை, அழுக்கு வேலை என்று பேசுகிறோம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இந்தத் தொழிலைச் சொல்லத் தயங்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

இன்று பார்த்த கணக்கை நினைத்துப் பாருங்கள். கோடிக்கணக்கில் செலவழித்து உலை கட்டியவரால் செய்ய முடியாத ஒன்றை, ஒரு காந்தமும் ஒரு குறடும் ஒரு சுத்தியலும் வைத்திருக்கும் இளைஞரால் செய்ய முடிகிறது. கரைந்த பிறகு எந்த இயந்திரமும் கட்டுப்படியான விலையில் எடுக்க முடியாத இரும்பை, கரைவதற்கு முன் அவர் கையால் எடுத்து வைக்கிறார். அவர் தவறவிட்ட 40 கிராமுக்கு ஈடுகட்ட வேண்டுமானால் அணைக்கட்டு மின்சாரம்தான் வர வேண்டும். அப்படிப்பட்டவரைப் படிக்காதவர் என்று எப்படிச் சொல்வது? அவர் செய்வது உலோகவியல். அவருக்கு அதன் பெயர் மட்டும் சொல்லித் தரப்படவில்லை.

சொல்லித் தர வேண்டியது நம் கடமை. வணிகர் சங்கங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கொட்டகையில் இளைஞர்களைக் கூட்டி, ரிம்மையும் பிஸ்டனையும் ஜன்னல் சட்டத்தையும் கையில் கொடுத்துப் பிரிக்கக் கற்றுத் தரலாம். ஐந்து கொட்டகைக்காரர்கள் சேர்ந்து ஒரு சோதனைக் கருவியை வாங்கிப் பகிர்ந்து கொள்ளலாம். சிறு அளவில் தனித்தனியே விற்பதைவிட, பிரித்த பொருளை ஒன்றாகச் சேர்த்து முழு லாரியாக விற்கலாம். வார்ப்படம், வெல்டிங் போன்ற துறைகளில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற விரும்பும் பிள்ளைக்கு இந்தக் கொட்டகை அனுபவம் நல்ல அடித்தளமாக அமையும்.

நம் தாத்தா பாட்டிமார் பால் வாளியில் ஒரு சருகு விழாமல் பார்த்துக் கொண்டார்கள். அந்தக் கவனத்தின் மேல்தான் மலேசிய ரப்பருக்கு உலகச் சந்தையில் பெயர் நின்றது. லாபம் பெரும்பாலும் தோட்ட முதலாளிக்கே போயிற்று. இன்று பேரப்பிள்ளையின் கொட்டகை பேரப்பிள்ளைக்கே சொந்தம். அதே கவனத்தை அவர் ரிம்மில் ஒட்டியிருக்கும் ஓர் எடைத் துண்டின் மேல் காட்டினால், அதன் விலை அவர் கைக்கே வரும்.

அடுத்த முறை ஒரு குவியல் அலுமினியம் லாரியில் ஏறும் முன், ஒரு நிமிடம் நின்று, உள்ளே இன்னும் எங்கே இரும்பு இருக்கிறது என்று பாருங்கள். உலைக்குள் போன பிறகு தேடினால் கிடைக்காது.